ஞாயிற்றுக்கிழமைக் கறவை

பால் வாளியில் விழுவதற்கு முன்னால் நாக்கில் பட வேண்டும். என் பாட்டி பிறந்த வீட்டின் வழக்கம் அது. பசுவின் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்ததும், நான்கு காம்புகளிலிருந்தும் ஒவ்வொரு பீய்ச்சலாக இடது உள்ளங்கையில் வாங்கி, ஒவ்வொன்றையும் நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பாள். நல்ல பால் லேசாக இனிக்கும். மடிக்குள் நோய் தொடங்கிவிட்டால், மடி வீங்குவதற்கு முன்பே, பால் திரிவதற்கு முன்பே, அது உப்புக் கரிக்கும். அந்தக் காம்பை மட்டும் தனியாகக் கறந்து கொட்டிவிட்டு, மடிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் பசு பிழைத்துக்கொள்ளும். கவனிக்காமல் விட்டால் அந்த ஒரு காம்பு கேன் நிறையப் பாலையும் கெடுத்துவிடும்.

சின்ன வயதிலேயே பழகிய கை. இதைச் செய்யலாமா வேண்டாமா என்று அது யாரையும் கேட்காது. தூசி பட்டால் கண் எப்படித் தானாக மூடிக்கொள்கிறதோ அப்படி, காம்பைத் தொட்ட கை தானாக வாய்க்குப் போகும். இந்தக் கையால்தான் பாட்டி கல்யாணமான புதிதில் ஊருக்குள் பாவி என்று பேர் வாங்கினாள்.

அவள் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் சுத்தம்தான் பெரிய சொத்து. கேன்களைக் கொதிக்கும் நீரில் அலசி வெயிலில் கவிழ்ப்பார்கள். பாலை வடிகட்டும் வெள்ளைத் துணியைத் தொட வீட்டு ஆண்களுக்கு அனுமதி கிடையாது. பால் வண்டிக்கு ஊற்றியது போக, சுற்றியிருந்த வீடுகளும் இங்கேதான் வாங்கின. பாட்டியின் மாமியார் இந்தப் பேரைச் சும்மா வாங்கிவிடவில்லை. விரல் மூட்டுகள் உருண்டு திரண்டு மடக்க முடியாமல் போகும்வரை அவரே கறந்தவர். மருமகள் வந்த மறுநாள் வாளியை அவள் கையில் கொடுத்துவிட்டு, கூடவே ஒரு சேதியும் சொன்னார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு வீட்டில் பாலை நக்கிப் பார்த்துவிட்டுக் கறக்கிறார்களாம்.

"வாயில வச்ச கையாலேயே மறுபடி காம்பைத் தொடுறாங்களாம். எச்சில் பால். நாய்கூட மோந்து பாத்துட்டுப் போயிரும்" என்றார்.

இந்த வீட்டில் முதல் பீய்ச்சலைக் கறுப்புத் துணியில் விட்டு, திரிதிரியாக ஏதாவது தெரிகிறதா என்று பார்ப்பார்களாம். பாட்டி தலையை ஆட்டிக்கொண்டாள். கறுப்புத் துணியிலும் விட்டாள். மாமியார் கொட்டகையை விட்டுப் போனதும் உள்ளங்கையிலும் விட்டாள். பிறகு யாருக்கும் தெரியாமல் தண்ணீர் மொண்டு கையைக் கழுவிக்கொண்டு கறக்க உட்கார்ந்தாள்.

சிக்கல் ஞாயிற்றுக்கிழமை வந்தது.

அந்தக் காலத்துக் கத்தோலிக்கக் கோவில் ஒழுங்கு இப்போது போல இல்லை. பூசையில் நன்மை வாங்க வேண்டுமென்றால், அதாவது சாமியார் கையிலிருந்து அந்த அப்பத்தை நாவில் பெற வேண்டுமென்றால், முந்தின நள்ளிரவிலிருந்து வாயில் எதுவும் படக்கூடாது. சோறு கிடையாது, தண்ணீர்கூடக் கிடையாது. பூசை காலையில்தான். கறவை அதற்கும் முன்னால். பிறந்த வீட்டில் ஞாயிற்றுக் கறவை அவளுடையது இல்லை. புது மருமகளாக முதல் ஞாயிறு கோவிலில் முட்டி போட்டிருந்தபோதுதான் பாட்டிக்கு நினைவு வந்தது. அன்று காலையில் இரண்டு பசுவின் பாலும் அவள் நாக்கில் பட்டிருந்தது.

மாமனார் எழுந்து போனார், மாமியார் போனார், கணவர் போனார், பத்து வயது தாண்டிய நாத்தனார் போனாள். வரிசை முழுக்கக் காலியான பெஞ்சில் புதுப்பெண் மட்டும் புதுச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி ஒரு வாரம்கூட ஆகாத பெண் நன்மை வாங்காமல் உட்கார்ந்தால் ஊர் என்ன நினைக்கும்? பெரிய பாவம் ஏதோ மனதில் கிடக்கிறது, அதைச் சாமியாரிடம் சொல்லவும் தைரியம் இல்லை என்றுதான் நினைக்கும். கோவில் வேலைகளைப் பார்க்கும் கோவில்பிள்ளையின் மனைவிக்கு ஓரத்தில் ஒரு நிரந்தர இடம் உண்டு. அங்கிருந்து பார்த்தால் பீடம் பாதிதான் தெரியும், ஜனங்கள் முழுசாகத் தெரிவார்கள். அன்று அவருக்கு ஒரு வருஷத்துக்கான தீனி கிடைத்தது.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் ஒன்றுமே கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று பாட்டிக்கு இருந்ததாம். கேட்டால் சொல்லிவிடுவாளா என்றால் அதுவும் இல்லை. உண்மையைச் சொன்னால் பாவி என்ற பேர் போகும். அதற்குப் பதில் எச்சில் பால் என்ற பேர் வரும். பாவி என்ற பேர் அவளோடு நிற்கும். இன்னொன்று வீட்டின் மேல் வரும், மாமியார் விரல்களைத் தேய்த்துச் சேர்த்த பேரை அடித்துக்கொண்டு போகும்.

அடுத்த சனிக்கிழமை, பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்தில், அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இருவருக்கும் நடுவில் ஒரு மரக் கிராதி. கொஞ்சமாவது உள்ளே போனதா என்று அவர் அந்தப் பக்கமிருந்து கேட்டார்.

"போகாம எப்படி சாமி ருசி தெரியும்?"

துப்பிவிடலாமே என்றார். துப்பினாலும் துளிகூடத் தொண்டையில் இறங்கவில்லை என்று தன்னால் சத்தியம் செய்ய முடியாது என்றாள். அப்படிச் சந்தேகம் இருந்தால் அன்றைக்கு வாங்க வேண்டாம், ஆனால் இது பாவமே இல்லை மகளே, மனசைப் போட்டு உழப்பாதே என்று சொல்லி அனுப்பினார். பாவமில்லை என்று ஊரில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவரோ, அங்கே கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்ற விதியால், அந்தக் கிராதிக்கு இந்தப் பக்கம் வந்து வாயைத் திறக்க முடியாதவர்.

ருசி பார்க்காமல் கறக்கப் பாட்டி முயன்றும் பார்த்தாள். ஒரு ஞாயிறு மூக்குக்குக் கீழே துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். வைக்கோலைச் சுமந்துகொண்டு எதிரே வந்த தாத்தா நின்று பார்த்தார்.

"கொள்ளைக்காரி மாதிரி வர்ற. பாலைக் குடுடின்னு பசுவை மிரட்டப் போறியா?"

பல்வலி என்று சொல்லிச் சமாளித்தாள். அன்று கறந்தாள், கோவிலுக்குப் போனாள், நன்மையும் வாங்கினாள். மனசு நிறைந்து வீட்டுக்கு வந்தால், பால் வண்டிக்காரர் வாசலில் நிற்கிறார். ஊற்றிய பால் பாதி வழியிலேயே திரிந்துவிட்டது. அந்த வீட்டுப் பால் திரும்பி வந்தது அதுதான் முதல் முறை. பெரிய பசுவின் பின்பக்கக் காம்பு ஒன்றில் நோய் இறங்கியிருந்தது. கறுப்புத் துணியில் ஒன்றும் தெரியவில்லை. எவ்வளவோ ஒத்தடம் கொடுத்தும் அந்தக் காம்பு பிறகு பால் சுரக்கவே இல்லை. மாமியார் அந்தக் கேனைத் தாமே தேய்த்துக் கழுவினார். ஒரு முறை கழுவியதை மறுபடியும் கழுவினார்.

அன்று பாட்டி ஒரு முடிவுக்கு வந்தாள். பல வருஷம் கழித்து அதை என்னிடம் சொன்னபோதும் அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. "சாமிக்கு நம்ம மேல வருத்தம்னா, சொல்லிப் புரிய வைக்கலாம். வாயில்லாத பசுவுக்கு மடி வீங்கினா அது யார்கிட்டப் போய்ச் சொல்லும்?"

அதிலிருந்து கறவை இருந்த ஞாயிறெல்லாம் பெஞ்சில்தான் உட்கார்ந்தாள். வீட்டில் அப்போது இரண்டே பசு. இரண்டும் சினையாகிப் பால் வற்றியிருந்த சில வாரங்களில் மட்டும் எழுந்துபோய் நன்மை வாங்குவாள். இதையும் கோவில்பிள்ளையின் மனைவி கவனித்துவிட்டார். பத்து மாதம் பாவம் செய்கிறாள், இரண்டு மாதம் பரிகாரம் செய்கிறாள் என்று ஒரு கணக்குப் போட்டு ஊருக்குச் சொன்னார். மாட்டுக் கொட்டகையை எட்டிப் பார்த்திருந்தால் அந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்கும். யாருக்கும் தோன்றவில்லை.

தாத்தா ஒரே ஒரு தடவை கேட்டாராம், தன்மேல் ஏதும் வருத்தமா என்று. ஊர் அவரையும் சேர்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தது. இல்லை என்றாள். சாமியாருக்குத் தெரியுமா என்றார். தெரியும் என்றாள். அப்படியானால் சரி என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். தாத்தாவைப் பற்றி எங்கள் வீட்டில் எத்தனையோ கதை உண்டு. எனக்கு இது ஒன்று போதும்.

இப்படியே வருஷங்கள் ஓடின. பெரியப்பா பிறந்தார், அப்பா பிறந்தார். நாத்தனார் வளர்ந்து கல்யாண வயதுக்கு வந்தாள். இந்த நாத்தனாரைத்தான் நாங்கள் சின்னப் பாட்டி என்று கூப்பிடுகிறோம். அவளுக்கு ஓர் இடம் வந்தது. நல்ல குடும்பம், நிலம் நீர் உள்ள வீடு, பையனும் பார்க்க லட்சணம். பையனை ஒரு தரம் தூரத்தில் பார்த்ததற்கே சின்னப் பாட்டிக்கு அடுப்பில் வைத்தது மறந்துபோகிற அளவுக்குப் பிடித்திருந்தது. ஆனால் பெண் பார்க்க வந்த பையனின் பெரியம்மா, பெண் வீட்டில் விசாரிப்பதற்கு முன்னால் கோவில் வாசலில் விசாரித்தார். விசாரித்த இடம் கோவில்பிள்ளை வீடு.

தரகர் வந்து, துண்டால் முகத்தைத் துடைத்துத் துடைத்து விஷயத்தைச் சொன்னார். பெண்ணைப் பற்றி ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த வீட்டு மருமகள் வருஷக்கணக்காக நன்மை வாங்காமல் உட்கார்ந்திருக்கிறாளாமே, அது என்ன ஏது என்று தெரியாமல் மேற்கொண்டு பேச அவர்களுக்குத் தயக்கம். வருகிற ஞாயிறு பூசைக்கு வருவார்கள். வந்து பார்த்துவிட்டு, சரியென்றால் வீட்டுக்கு வருவார்கள். இல்லையென்றால் அப்படியே வண்டி ஏறிவிடுவார்கள்.

சின்னப் பாட்டி அழவில்லை. அண்ணியைப் பார்த்து முகத்தையும் திருப்பிக்கொள்ளவில்லை. துவைத்த துணியையே மறுபடி எடுத்துத் துவைத்துக்கொண்டிருந்தாள். பாட்டிக்கு அதைப் பார்க்க முடியவில்லை. அன்று சாயங்காலக் கறவைக்கு வாளியோடு போனவள், மாமியாரும் பின்னாலேயே கொட்டகைக்குள் வருவதைக் கண்டாள்.

மாமியார் தீவனத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். இத்தனை வருஷமாக நான் உன்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை, என் மகளுக்காக இன்று கேட்கிறேன் என்றார். கேட்ட குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்ததாம். என்ன வரப்போகிறதோ என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

பாட்டி பசுவின் பக்கத்தில் உட்கார்ந்து, காம்பைப் பிடித்து, உள்ளங்கையில் பீய்ச்சி, மாமியார் கண்முன்னால் நாக்கில் வைத்துக் காட்டினாள்.

மாமியாருக்கு விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. விளங்கியதும் அவர் முகத்தில் முதலில் வந்தது அருவருப்பு. பிறகு, இத்தனை வருஷம் மனதில் போட்டுப் புரட்டியது எல்லாம் இதுதானா என்ற ஆறுதல். எது ஜெயித்தது என்று பாட்டிக்குக் கடைசிவரை தெரியவில்லை.

"எத்தனை நாளா?"

"வந்த நாள்லருந்து, அத்தை."

"தினமுமா?"

"தினமும். கைய கழுவிட்டுத்தான் கறப்பேன்."

மாமியார் யோசித்தார். "அப்படின்னா, ஒரு தடவை பால் திரும்பி வந்துச்சே?"

"அன்னைக்குத்தான் அத்தை நான் பாக்கல."

மாமியார் எழுந்தார். பக்கத்தில் வந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு குந்தி, கையை நீட்டினார். பாட்டி ஒவ்வொரு காம்பாகப் பீய்ச்சிவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, கசப்பு மருந்து குடிக்கிறவர் மாதிரி மாமியார் நாக்கில் வைத்தார். ஒன்றும் தெரியவில்லை என்றார். இரண்டாவதும் தெரியவில்லை. பாட்டி அவரை இன்னொரு பசுவிடம் கூட்டிப்போய், இரண்டு நாளாகத் தான் தனியாகக் கறந்து கொட்டும் காம்பைப் பிடித்தாள். அதை நாக்கில் வைத்ததும் மாமியார் கண்ணைத் திறந்தார்.

"உப்பு" என்றார்.

ஞாயிறு காலை பாட்டி கொட்டகைக்குப் போனபோது, விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. மாமியார் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மடங்காத விரல்களைப் பெருவிரலோடு அழுத்திச் சேர்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு, நூல் மாதிரி ஒழுகும் பாலை வாளியில் சேர்த்துக்கொண்டிருந்தார். பசுவும் என்னவோ இது பழைய கை என்று தெரிந்ததுபோல அசையாமல் நின்றது. மாமியாரின் உதட்டோரம் பால் வெள்ளையாக இருந்தது.

"ருசி பாத்தாச்சு. நல்லாத்தான் இருக்கு. நீ போய் முகத்தைக் கழுவு. வாயில தண்ணி பட்டுறாம பாத்துக்க" என்றார்.

கோவிலில் பையன் வீட்டார் நடுவரிசையில் இடம் பிடித்திருந்தார்கள். கோவில்பிள்ளையின் மனைவி அன்று கழுத்தை நன்றாகத் திருப்பிக்கொள்ள வசதியாகச் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தார். நன்மை நேரம் வந்தது. மாமனார் எழுந்தார், தாத்தா எழுந்தார், சின்னப் பாட்டி எழுந்தாள். பிறகு என் பாட்டி எழுந்து, கையைக் கூப்பிக்கொண்டு அவர்கள் பின்னால் போனாள். ஊரே அதைப் பார்த்தது. பார்த்து முடித்துத் திரும்பிய கண்களுக்கு, பெஞ்சில் ஒற்றையாக மாமியார் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. நினைவு தெரிந்த நாளாக ஒரு ஞாயிறுகூட நன்மையைத் தவறவிடாத மனுஷி. கோவிலுக்குள் அன்று எழுந்த முணுமுணுப்பில் சாமியார் ஒரு வரியை இரண்டு தரம் வாசித்தாராம்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் பையனின் பெரியம்மா நேராக வந்து மாமியாரையே கேட்டுவிட்டார், இதென்ன இந்த வாரம் நீங்களா என்று. அப்படிக் கேட்க வேண்டும் என்றுதான் மாமியார் காத்திருந்தாரோ என்னவோ. பால் வாங்கும் வீட்டுக்காரர்கள் எல்லோரும் காது கேட்கும் தூரத்தில் நின்றிருந்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

"பாலை ருசி பாத்தேன். அதான் வாங்கல. எங்க வீட்ல யார் கறக்குறாங்களோ அவங்க நாக்குல வச்சுப் பாத்துட்டுதான் வாளியில விடுவாங்க. இத்தனை வருஷமா மருமகளே கறந்தா, அவளே உக்காந்தா. இனிமே முறை வச்சுக்கிட்டோம். ஒரு வாரம் அவ, ஒரு வாரம் நான்."

கூட்டத்தில் யாரோ எச்சில் என்று இழுத்தார்கள்.

"கை கழுவ எங்க கிணத்துல தண்ணி இருக்கு. நம்ப முடியாதவங்க வாங்க வேண்டாம்" என்றார் மாமியார்.

அதுவரை செருப்பால் தரையைக் கீறிக்கொண்டு நின்ற பையனின் அப்பாதான் பேசினார். தன் வீட்டில் மடிநோயில் போன பசுவை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்.

"உங்க பொண்ணுக்கும் அந்த ருசி பாக்கத் தெரியுமா?"

"என் மருமகதான் சொல்லிக் குடுத்திருக்கா" என்றார் மாமியார். கோவில் வாசலில் நின்று அவர் சொன்ன ஒரே பொய் அதுதான். அதையும் அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொல்லித் தீர்த்துவிட்டதாகக் கேள்வி. கல்யாணத் தேதி குறித்ததும் பாட்டி நாத்தனாரைக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனாள், பொய் மெய்யாக வேண்டுமே.

சில வீடுகள் பால் வாங்குவதை நிறுத்தின. சில நாளில் சத்தம் போடாமல் திரும்பி வந்தன. கோவில்பிள்ளையின் மனைவி கடைசிவரை நிறுத்தவில்லை. நிறுத்தினால் சேதிக்கு எங்கே போவார்?

அந்த முறை அப்படியே நிலைத்தது. ஒரு ஞாயிறு மருமகள் கறப்பாள், பெஞ்சில் இருப்பாள். மறு ஞாயிறு மாமியார். மாமியாரின் விரல்கள் அறவே வராமல் போனபோது, தம்முடைய முறைக்கு வந்து பக்கத்தில் நிற்பார். மருமகள் கறப்பாள், மாமியார் கையை நீட்டி வாங்கி ருசி மட்டும் பார்த்துச் சொல்வார். கைதானே போனது, நாக்கு இருக்கிறதே என்பார். பிறகு நடையும் போயிற்று. இனி நான் கோவிலுக்கு வரப்போவதில்லை, அதனால் எல்லா ஞாயிறும் என் முறையே, நீ வாராவாரம் போய் வாங்கு என்று சொல்லிவிட்டார். காலையில் ஒரு தட்டில் காம்புக்கு ஒரு சொட்டாகப் பால் தனித்தனியே கட்டிலுக்குப் போகும். அவர் தொட்டுப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் கேன் வாசலுக்குப் போகும். சாகிற வாரம் வரைக்கும் அது நடந்தது.

அவர் போன பிறகு பாட்டி மறுபடியும் தனியாகப் பெஞ்சில் உட்கார்ந்தாள். இப்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச காலத்தில் கோவில் ஒழுங்கு மாறியது. நன்மைக்கு ஒரு மணி நேரம் முன்னால் சாப்பிடாமல் இருந்தால் போதும் என்று புதிய சாமியார் பிரசங்கத்தில் அறிவித்தபோது, பெண்கள் பக்கம் முழுக்கத் திரும்பிப் பாட்டியைப் பார்த்துச் சிரித்ததாம். வீட்டுக்கு வரும் வழியில் தாத்தா, உன் ஒரு சொட்டுப் பாலுக்காக மேலிடமே இறங்கி வந்துவிட்டது பார் என்று கேலி செய்தார். பாட்டி சிரிக்கவில்லை.

"இதை அத்தை இருக்கும்போதே சொல்லியிருக்கலாம்" என்றாள்.

இது தவிரவும் அவள் வாழ்க்கையில் நிறைய நடந்தது. ஏழு பிள்ளை பெற்று ஒன்றை மண்ணுக்குக் கொடுத்தாள். மழை பொய்த்த வருஷங்களில் நகையை விற்று மாட்டுக்குத் தீவனம் வாங்கினாள்; தாத்தாவுக்கு அது கழுத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. ஜெபமாலையைக் கறவையோடு சேர்த்தே சொல்லி முடிப்பாள். அந்த முணுமுணுப்புக்குப் பழகிய பசுக்கள் அது இல்லாமல் பாலை விடாது. அவள் பிரசவத்தில் படுத்திருந்த நாட்களில் தாத்தா கறக்கப் போய், உதை வாங்கி, வேறு வழியில்லாமல் ஜெபமாலையைச் சத்தமாகச் சொன்னார். மாட்டுக்காகப் பக்திமான் ஆன மனுஷன் என்று அவரைக் கடைசிவரை கேலி செய்தார்கள். அவர் இறந்த மறுநாள் காலையிலும் பாட்டி வாளியை எடுத்துக்கொண்டு போனாள். பசுவுக்குத் துக்கம் தெரியாது என்று சொல்லிக்கொண்டே போனவள், வழக்கத்தைவிட வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தாள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கிய அன்று அங்கி போட்டு எடுத்த படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். சாமியார் ஆகிவிட்டாயா என்று கேட்டாள். இல்லை பாட்டி, படித்து முடித்ததற்குக் கொடுத்தது என்றேன். படத்தைக் கையில் வாங்கி, கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்து, நல்லா இருக்குடா, இதை மாட்டுக் கொட்டகைக்குப் போட்டுக்கிட்டு வந்துடாதே என்றாள். அந்தப் படம் அவள் கட்டிலுக்கு மேலே, மாதா படத்துக்கு அடுத்ததாகத் தொங்கியது. அதைவிட உயர்ந்த இடம் எனக்கு இனி எங்கும் கிடைக்கப்போவதில்லை.

அப்பா கறவை இயந்திரம் வாங்கிய பிறகும் ருசி பார்ப்பது நிற்கவில்லை. குழாயை மாட்டுவதற்கு முன்னால் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து நிற்பாள். அப்பா பேசாமல் பீய்ச்சிவிடுவார். அவளால் வர முடியாமல் போனதும் அப்பாவே நாக்கில் வைத்துப் பார்க்கத் தொடங்கினார். இப்போதும் பார்க்கிறார்.

போன வருஷம் அவள் படுக்கையோடு படுக்கையானாள். தொண்ணூறைத் தாண்டியிருந்தாள். கட்டிலை ஜன்னலோரம் போட்டிருந்தோம். அங்கிருந்து கொட்டகையின் சத்தம் கேட்கும். பேச்சு குறைந்து, ஆட்களை மாற்றி மாற்றி அழைக்கத் தொடங்கியிருந்தாள். சின்னப் பாட்டி தகவல் கேட்டு, பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியார் நன்மை கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தார். அப்பாவின் வயதில் பாதிகூட இல்லாத இளைஞர். அவர் வருவதற்குச் சற்று முன்னால், பாட்டியின் உதடு காய்ந்திருக்கிறதே என்று அம்மா ஒரு கரண்டிப் பாலை ஊட்டினாள். பாட்டி அதை உடனே விழுங்கவில்லை. நாக்கில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு விழுங்கினாள்.

சாமியார் வந்தார். மெழுகுவத்தி ஏற்றினோம். ஜெபங்களைச் சொல்லி, அப்பத்தை எடுத்து அவள் வாயருகே கொண்டுபோனார். பாட்டி உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"அம்மா, சாமியார் வந்திருக்காங்க. வாயைத் திறங்க" என்றார் அப்பா.

திறக்கவில்லை. கண் மட்டும் சாமியாரின் கையிலேயே இருந்தது. அவளுக்கு அது வேண்டும் என்று பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது. வலிக்கிறதா என்று கேட்டோம். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டோம். கடைசியில் அவளே வாயைத் திறந்து, ஜன்னல் பக்கம் பார்த்துக் கேட்டாள்.

"இன்னைக்கு யாரு முறை?"

நினைவு தப்பிப் பேசுகிறாள் என்று அப்பா சாமியாரிடம் மெல்லச் சொன்னார். பால் குடித்திருக்கிறாள், அதனால்தான் என்று அம்மாவுக்குப் புரிந்து, அதைச் சொன்னாள். நோயாளிக்கு அந்த ஒழுங்கெல்லாம் கிடையாது பாட்டி, தாராளமாக வாங்கலாம் என்று சாமியார் குனிந்து எடுத்துச் சொன்னார். அவள் அவரைப் பார்த்தாள். இந்தப் பிள்ளைக்கு எங்கள் வீட்டு விஷயம் என்ன தெரியும் என்பது போன்ற ஒரு பார்வை. உதடு மறுபடி மூடிக்கொண்டது.

சின்னப் பாட்டி எழுந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அண்ணியின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, காதருகே குனிந்தார்.

"அண்ணி, இன்னைக்கு அம்மா கறந்துட்டாங்க. ருசியும் பாத்தாச்சு. நல்ல பாலு. இன்னைக்கு அவங்க முறை, நீங்க போய் வாங்கிக்கங்க."

பாட்டி அவர் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"அத்தைக்கு விரல் வலிக்குமே" என்றாள்.

"பரவாயில்லன்னுட்டாங்க, அண்ணி."

பாட்டி வாயைத் திறந்தாள்.

சாமியார் அவளுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்ததாகச் சின்னப் பாட்டியின் பக்கம் திரும்பினார். அவருக்கும் சேர்த்துத்தான் கொண்டுவந்திருந்தார். அன்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இதற்காகவே இருந்தவர் சின்னப் பாட்டி. ஆனாலும் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். அண்ணியின் கையை விடாமல் சொன்னார்.

"எனக்கு அடுத்த வாரம் குடுங்க சாமி. யாராவது ஒருத்தர் உக்காரணும்ல."